பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்: கோழிப் பண்ணையாளர் கேள்விகளும் பதில்களும்

கோழிப் பண்ணையில் ஃபேஜ் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துத் தருகிறோம். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாக ஆக்கியிருக்கிறோம்.

பல்லடம் வாசகர்: ஃபேஜ் என்று ஒரு திரவத்தைக் கறிக்கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம் என்கிறார்கள். கேட்டால் அது வைரஸ் என்கிறார்கள். ராணிக்கெட் நோயைத் தருவதும் வைரஸ்தானே? காசு கொடுத்து வைரஸை வாங்கிக் கோழிக்குக் கொடுப்பதா?

பயம் நியாயம்தான். ஆனால் இந்த வைரஸுக்குக் கோழியின் செல்லில் வேலையே இல்லை. பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ், பாக்டீரியாவுக்குள் மட்டுமே பெருகும். பாக்டீரியாவின் மேல்தோலில் தனக்குப் பொருந்தும் ஓர் இடத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். தன் மரபணுவை உள்ளே செலுத்தும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளேயே ஐம்பது, நூறு ஃபேஜ்களாகப் பெருகி, பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த ஒட்டும் இடம் கோழியின் செல்லிலும் இல்லை, மனித செல்லிலும் இல்லை. உங்கள் கொட்டகைக் கூளத்திலும், கோழியின் குடலிலும், நாம் தின்னும் தயிரிலும் ஃபேஜ்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

இது புதிதாக வந்த சரக்கும் அல்ல. ஃபேஜ்களுக்கு அந்தப் பெயரை வைத்த பெலிக்ஸ் டெரெல், 1919இல் பிரான்சில் கோழி டைபாய்டு பரவியபோது கோழிகளிடம்தான் முதன்முதலில் அவற்றைப் பயன்படுத்திப் பார்த்தார். பின்னர் ஆன்டிபயாட்டிக் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜை மறந்தன. இப்போது ஆன்டிபயாட்டிக் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போகவே திரும்ப எடுத்திருக்கிறார்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழி உள்ளிட்ட உணவுக் கால்நடைகளுக்குத் தர 2019 ஜூலையில் இந்திய அரசு தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

நாமக்கல் வாசகர்: லேயர் (முட்டைக்கோழி) பண்ணை. உச்ச முட்டை நேரத்தில் தினமும் சாவு. போஸ்ட்மார்ட்டத்தில் ஈரல் மேல் வெள்ளை ஜவ்வு, வயிற்றுக்குள் முட்டைக்கரு சிதறிக் கிடக்கிறது. லேபில் ஈகோலை பாக்டீரியா என்றும், பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்றும் சொல்லிவிட்டார்கள். ‘ஈகோலை ஃபேஜ்’ என்று ஒரு புட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

புட்டியை வாங்கும் முன், உங்கள் ஈகோலையை அந்தப் புட்டிக்குக் காட்டுங்கள். ஃபேஜ் விஷயத்தில் நாங்கள் எதையாவது அடித்துச் சொல்வதானால் இதைத்தான் சொல்வோம்.

ஓர் ஆன்டிபயாட்டிக், அதற்கு எதிர்ப்பு பெறாத எல்லா வகை ஈகோலையையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தாக்கும். ஃபேஜ் அப்படியல்ல, ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. கோழியைக் கொல்லும் ஈகோலையில் ஓ1, ஓ2, ஓ78 என்ற வகைகள் அதிகம் காணப்படும். ஓ78ஐ உடைக்கும் ஃபேஜ், பக்கத்துக் கூண்டில் ஓ2 பிடித்த கோழியைப் பொறுத்தவரை வெறும் தண்ணீராக இருக்கலாம். அதனால்தான் பல ஃபேஜ்களைச் சேர்த்துக் கலவையாக விற்கிறார்கள். கலவையிலும் உங்கள் பண்ணை ஈகோலை அடங்காமல் போகலாம்.

செய்ய வேண்டியது இது. செத்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இருக்கும் கோழிகளை ஐஸ் வைத்து லேபுக்கு அனுப்புங்கள். ஒரு கோழி போதாது. வெவ்வேறு வரிசைகளிலிருந்து குறைந்தது ஐந்து வேண்டும். ஈரல், இதயம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலிருந்து பாக்டீரியாவை எடுக்கச் சொல்லுங்கள். குடலிலிருந்து எடுக்க வேண்டாம்; நல்ல கோழியின் குடலிலும் ஈகோலை இருக்கும், அதைப் பிடித்துச் சோதித்தால் தப்பான ஆளை விசாரித்த கதையாகிவிடும். கிடைத்த ஒவ்வொரு பாக்டீரியாவையும் தட்டில் பரப்பி, அதன் மேல் ஃபேஜ் திரவத்தில் 10 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து 37 டிகிரியில் ஓர் இரவு விட வேண்டும். சொட்டு விழுந்த இடம் தெளிந்தால் பொருத்தம் உண்டு.

இங்கேயும் ஒரு கண்கட்டு இருக்கிறது. நீர்க்காத, கெட்டியான ஃபேஜ் சொட்டு விழுந்தால், ஆயிரக்கணக்கான ஃபேஜ்கள் ஒரே நேரத்தில் ஒட்டி, உள்ளே பெருகாமலே பாக்டீரியாவின் தோலைக் கிழித்துவிடும். தட்டு தெளிந்து தெரியும், பண்ணையில் பலன் இருக்காது. ஆகவே பத்து, நூறு, ஆயிரம் என்று நூறு கோடி மடங்கு வரை படிப்படியாக நீர்த்து வைத்து, கடைசிப் படிகளில் தனித்தனிச் சிறு வட்டங்கள் வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். வட்டம் வந்தால்தான் ஃபேஜ் உண்மையில் உங்கள் பாக்டீரியாவில் பெருகுகிறது.

பத்து மாதிரியில் குறைந்தது எட்டு பொருந்தினால் வாங்கலாம் என்பது எங்கள் கருத்து. மூன்றோ நான்கோ என்றால் பணம் வீண்.

இன்னொன்று. உச்ச முட்டை நேரத்து ஈகோலை பெரும்பாலும் தானாக வருவதில்லை. சி.ஆர்.டி. (நாள்பட்ட சுவாச நோய்), கொரைசா (சளி நோய்), ஐ.பி. (தொற்று மூச்சுக்குழல் அழற்சி), கூண்டில் நெரிசல், அம்மோனியா, கெட்ட தண்ணீர் என்று ஏதோ ஒன்று முன்னால் வழி திறந்துவிட்டிருக்கும். அதைச் சரி செய்யாமல் ஃபேஜ் கொடுத்தால் ஒரு வாரம் குறையும், மறுபடி ஏறும்.

உடுமலைப்பேட்டை வாசகர்: தண்ணீரில் கொடுக்கும் முறையை அளவோடு சொல்லுங்கள். 5,000 பிராய்லர் (கறிக்கோழி), வயது 10 நாள்.

அளவு புட்டியின் லேபிளில் உள்ளதுதான் செல்லும். கணக்குப் போடும் விதத்தை ஓர் உதாரணத்தில் காட்டுகிறோம்.

ஃபேஜை மில்லிகிராமில் அளப்பதில்லை, உயிருள்ள எண்ணிக்கையில் அளப்பார்கள். அதன் அலகு பி.எஃப்.யூ., அதாவது தட்டில் ஒரு வட்டம் உண்டாக்கும் ஃபேஜ் ஒன்று. லேபிளில் 1 மி.லி.க்கு 10⁹ என்று போட்டிருந்தால் 100 கோடி. ஒரு குஞ்சுக்கு 10⁷, அதாவது 1 கோடி தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5,000 குஞ்சுக்கு 5,000 கோடி. அதை 100 கோடியால் வகுத்தால் 50 மி.லி. மொத்தக் கொட்டகைக்கும் அவ்வளவுதான் மருந்து.

அடுத்து தண்ணீர். 10 நாள் குஞ்சு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 மி.லி. குடிக்கும்; கோடையில் கூடும். 5,000 குஞ்சுக்கு 425 லிட்டர் என்று வையுங்கள். மருந்தை நாள் முழுக்க ஓடவிடக் கூடாது. சுமார் இரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவாக, நாள் அளவில் கால் பங்கு, 100 லிட்டரில் கலந்தால் போதும். தாகம் எடுக்கத் தடுப்பூசிக்குச் செய்வது போலவே விடியற்காலையில் ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் அரை மணிக்கு மேல் நிறுத்த வேண்டாம்.

இப்போது குளோரின். ஃபேஜ் தோற்கும் இடங்களில் முதல் இடம் இதற்குத்தான். 24 மணி நேரம் முன்பே டேங்கில் குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடின், வேறு எந்தக் கிருமிநாசினியும் போடுவதை நிறுத்திவிடுங்கள். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் லைனின் கடைசி முனையைத் திறந்து, நிற்கும் பழைய தண்ணீர் முழுவதையும் வெளியேற்றுங்கள். டேங்கில் குளோரின் போடாவிட்டாலும் 200 அடி நீள லைனுக்குள் நேற்றைய குளோரின் இருக்கும். டேங்கில் மட்டும் சோதித்துவிட்டு ஏமாறுபவர்கள் நிறைய. குளோரின் சோதனைப் பட்டையைக் கடைசி நிப்பிளில் வரும் சொட்டில் நனைத்துப் பாருங்கள். நிறமே மாறக் கூடாது. அதன் பின் 100 லிட்டருக்கு 250 கிராம் ஆடை நீக்கிய பால் பவுடரைக் கரைத்து 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். எஞ்சியிருக்கும் துளிக் குளோரினை அது கட்டிப்போடும். பிறகுதான் ஃபேஜ். முதலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் இரண்டு லிட்டர் தண்ணீரில் 50 மி.லி.யைக் கலக்கி, பிறகு டேங்கில் ஊற்றிக் கிளறுங்கள்.

ஆசிடிஃபயர் (தண்ணீரில் சேர்க்கும் அமிலம்) அன்று வேண்டாம். பி.எச். 4க்குக் கீழே போனால் பல ஃபேஜ்கள் சிறிது சிறிதாகச் சாகத் தொடங்கும். தண்ணீரின் பி.எச். 6 முதல் 8க்குள் இருந்தால் கவலையில்லை. நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அது பகை அல்ல. கால்சியமும் மக்னீசியமும் பல ஃபேஜ்கள் பாக்டீரியாவில் ஒட்ட உதவவே செய்கின்றன.

கோழியின் வயிற்று அமிலம் வேறு தடை. முன்வயிற்றிலும் அரைவைப்பையிலும் அமிலம் மிகுதி. அதைத் தாண்டித்தான் குடலுக்குப் போக வேண்டும். ஆய்வுகளில் கால்சியம் கார்பனேட் கலந்த திரவத்தில் கொடுத்து இதைச் சமாளித்தார்கள். அதைப் படித்துவிட்டு டேங்கில் சுண்ணாம்புத் தூள் போடாதீர்கள். அது கரையாது, அடியில் தங்கும், நிப்பிள் அடைத்துக்கொள்ளும். ஆய்வில் ஒவ்வொரு கோழிக்கும் வாயில் குழாய் வைத்து ஊற்றினார்கள். பண்ணைக்கு, அமிலம் தாக்காதபடி உறையிட்ட ஃபேஜ் இருந்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் குஞ்சின் தீவனப்பை காலியாக இல்லாத நேரத்தில், தீவனம் தின்று கொண்டிருக்கும்போதே கொடுங்கள். தீவனம் அமிலத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

தீவனத்தில் கலப்பவர்களுக்கு ஒரு வரி: பெல்லட் அடிக்கும் முன் கலந்தால் 80 டிகிரிச் சூட்டில் போய்விடும். ஆறிய பெல்லட் மேல் தெளிக்க வேண்டும், அல்லது மாவுத் தீவனத்தில் கலக்க வேண்டும்.

தாராபுரம் வாசகர்: மூன்று நாள் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மருந்து போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் போலி என்று முடிவு கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

புட்டி எங்கே இருந்தது? பெரும்பாலான ஃபேஜ் திரவங்களை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். தகரக் கூரை போட்ட தீவன அறையில் மேல் அலமாரியில் ஒரு வாரம் இருந்தால், 100 கோடி பத்துக் கோடியாகக் குறைந்திருக்கலாம்; அப்போது அதே 50 மி.லி.யில் ஒரு குஞ்சுக்குப் போவது 1 கோடி அல்ல, 10 லட்சம். ஃப்ரீசரில் வைப்பதும் தப்பு. கிளிசரால் சேர்க்காத திரவம் உறைந்து உருகும்போது ஃபேஜ்கள் உடையும். நேர் வெயிலும் ஆகாது. கொட்டகைக்கு எடுத்துப் போகும்போது தெர்மோகோல் பெட்டியும் ஐஸ் கட்டியும் தேவை.

கோழி எந்த நிலையில் இருந்தது? அமெரிக்காவில் ஆர்கன்சாவில் ஈகோலை காற்றுப்பை நோயில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. நோய் கொடுத்த உடனே ஃபேஜைத் தெளித்தால் சாவு குறைந்தது. ஒரு நாள் தள்ளித் தெளித்தால் பலனில்லை. அதே ஃபேஜைத் தசையில் ஊசியாகப் போட்டபோது 48 மணி நேரம் கழித்தும் பலன் தெரிந்தது. காரணம் எளிது: கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, தெளித்த ஃபேஜோ ரத்தத்துக்குள் போதிய அளவு போகவில்லை. தண்ணீரில் கொடுக்கும் ஃபேஜும் பெரும்பாலும் குடலோடு நிற்கும். ஈரலில் ஜவ்வு படர்ந்த கோழியைத் தண்ணீர் ஃபேஜால் எழுப்ப முடியாது. பக்கத்தில் இன்னும் நோய் பிடிக்காத கோழிக்குத்தான் அது காவல். 5,000 கோழிக்கு ஊசி போடுவது யாருக்கும் கட்டாது. தாய்க்கோழிப் பண்ணையில் வேண்டுமானால் யோசிக்கலாம், அதுவும் சுத்திகரித்த ஃபேஜாக இருந்தால் மட்டும்.

கடைசியாக, பொருத்தம். நாமக்கல் வாசகருக்குச் சொன்ன சோதனையைச் செய்யாமல் வாங்கியிருந்தால், அங்கேதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

போலியா என்பதை லேபில் எண்ணிப் பார்க்கலாம். உதாரணமாக, ஒரு கோடி மடங்கு நீர்த்த திரவத்தில் 0.1 மி.லி. எடுத்துத் தட்டில் வைத்து 45 வட்டம் வந்தால், 45ஐ 0.1ஆல் வகுத்து ஒரு கோடியால் பெருக்க வேண்டும். 450 கோடி. லேபிளில் போட்டதற்கும் இதற்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருந்தால் புட்டியைத் திருப்பிக் கொடுங்கள். எண்ணும்போது 30க்குக் குறைந்த தட்டையும் 300க்கு மேற்பட்ட தட்டையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பரமத்தி வேலூர் வாசகர்: ஆன்டிபயாட்டிக், தடுப்பூசி, புரோபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

லாசோட்டா (ராணிக்கெட்டுக்கானது), கம்போரோ போன்ற வைரஸ் தடுப்பூசிகளை ஃபேஜ் தொடாது. இருந்தாலும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள். புட்டியில் சேர்த்திருக்கும் உப்புகள், பாதுகாப்புப் பொருள்கள் தடுப்பூசியைக் கெடுக்கலாம். உயிருள்ள சால்மொனெல்லா தடுப்பூசி வேறு கதை. அது பாக்டீரியா, சால்மொனெல்லா ஃபேஜ் அதையே கொன்றுவிடக் கூடும். இரண்டுக்கும் இடையே போதிய நாள் விட வேண்டும், எத்தனை நாள் என்று தடுப்பூசி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் வகைப் புரோபயாட்டிக்கை ஈகோலை ஃபேஜும் சால்மொனெல்லா ஃபேஜும் ஒன்றும் செய்யாது. ஈகோலையையே கொண்ட புரோபயாட்டிக்கும் உண்டு, லேபிளைப் பாருங்கள்.

ஆன்டிபயாட்டிக்கைப் பொறுத்தவரை, பாக்டீரியா வளர்ந்தால்தான் ஃபேஜ் அதற்குள் பெருகும். டெட்ராசைக்ளின் வகை பாக்டீரியாவை வளர விடாமல் நிறுத்தும், ஃபேஜும் உள்ளே சும்மா கிடக்கும். மேலே சொன்ன ஆர்கன்சா குழுவின் இன்னோர் ஆய்வில் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு ஃபேஜைச் சேர்த்துக் கொடுத்தபோது தனித்தனியாகக் கொடுத்ததைவிட நல்ல பலன் கிடைத்தது உண்மை. ஆனால் அந்த வகை மனிதர்களுக்கும் வேண்டிய மருந்து; உங்கள் டாக்டர் சென்சிடிவிட்டி (எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற சோதனை) பார்த்து எழுதினால் தவிர சேர்க்க வேண்டாம்.

ராசிபுரம் வாசகர்: சி.ஆர்.டி., ரத்தக் கழிச்சல், ராணிக்கெட்டுக்கு ஃபேஜ் உண்டா?

இல்லை. முதலாவதை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் சரக்கு எதுவும் பண்ணைக்கு வரவில்லை, இரண்டாவது காக்சிடியா என்ற ஒட்டுண்ணி, மூன்றாவது வைரஸ்.

ஈரோடு வாசகர்: சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் இரண்டும் கோழியைக் கொல்லாவிட்டாலும் கறி தின்பவருக்கு வயிற்றுப்போக்கு தருகின்றன என்று படித்தேன். ஃபேஜ் அவற்றைக் குறைக்குமா? எப்போது கொடுக்க வேண்டும்?

குறைக்கும். ஆனால் வளர்ப்பின் ஆரம்பத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பிரிட்டனின் பிரிஸ்டலில் 2007இல் வெளியான ஆய்வு ஒன்று. சால்மொனெல்லாவில் என்டரிட்டிடிஸ் என்ற வகை பிடித்த பிராய்லருக்கு அமிலமுறிவுத் திரவத்தில் 10,000 கோடி ஃபேஜ் கொடுத்தார்கள். ஒரே நாளில் சீக்கத்தில் (குடலின் பை போன்ற பகுதி) கிருமி பத்தாயிரம் மடங்குக்கு மேல் குறைந்தது. டைஃபிமுரியம் என்ற இன்னொரு வகைக்கு ஏறத்தாழ 150 மடங்கு. ஹடார் என்ற மூன்றாவது வகைக்குக் கொடுத்த ஃபேஜ் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யவில்லை. ஒரே லேப், ஒரே முறை, மூன்று வகைக்கு மூன்று பலன். எந்த வகை உங்களிடம் இருக்கிறது என்று தெரியாமல் வாங்காதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேம்பைலோபேக்டரில் நாட்டிங்காமில் 2005இல் வெளியான ஆய்வில் குறைவு மூன்று மடங்கிலிருந்து ஒரு லட்சம் மடங்கு வரை மாறியது. எந்த ஃபேஜ், எவ்வளவு, எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து. நெதர்லாந்தில் அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில் கொடுத்தவுடன் ஆயிரம் மடங்கு குறைந்து, ஐந்து நாளில் பத்து மடங்குக் குறைவில் வந்து நின்றது. அதாவது முதல் இரண்டு மூன்று நாள் பலன்தான் பெரியது. பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் பழகிக்கொள்கிறார்கள்: ஃபேஜுக்கு எதிர்ப்பு பெற்ற கிருமிகள் மிஞ்சுகின்றன, மற்ற கிருமிகளின் எண்ணிக்கை குறைந்ததால் ஃபேஜுக்குப் பெருக ஆளும் கிடைப்பதில்லை.

ஆகவே கறிக்காகக் கொடுப்பதானால் பிடித்துக்கொண்டு போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு கொடுங்கள். அப்போது எதிர்ப்புக் கிருமி பெருகுவதற்குள் கோழி கொட்டகையை விட்டுப் போய்விடும். பேட்ச் போனதும் கூளத்தை முழுக்க அள்ளிவிட்டுக் கழுவுங்கள். பழைய கூளத்தின் மேலேயே அடுத்த பேட்ச் குஞ்சை விட்டால், எதிர்ப்புக் கிருமியை நீங்களே விதைத்தது ஆகும். இதிலும் ஓர் ஆறுதல் உண்டு: ஃபேஜ் ஒட்டும் இடத்தைக் கைவிட்டுத் தப்பிய கிருமி, பல நேரம் அந்த இடத்தோடு தன் நோயுண்டாக்கும் வலுவையும் இழந்திருக்கும்.

குடல் அழுகல் நோய் உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். ஐந்து ஃபேஜ் கலவையைத் தண்ணீரிலும் தீவனத்திலும் கொடுத்துச் சாவை வெகுவாகக் குறைத்த அமெரிக்க ஆய்வு உண்டு. ஆனால் அந்த நோய்க்குக் கதவைத் திறப்பது ரத்தக் கழிச்சல். காக்சிடியா மருந்தைச் சரியாகக் கொடுக்காத பண்ணையில் ஃபேஜுக்குச் செலவு செய்வதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவ மாணவி: கோழி எச்சத்திலிருந்து சால்மொனெல்லா ஃபேஜைப் பிரிக்கும் முறையும் வழக்கமாகக் கெடும் இடங்களும்?

எச்சம் அல்லது கூளம் 10 கிராமை 50 மி.லி. எஸ்.எம். கரைசலில் போட்டு ஒரு மணி நேரம் குலுக்குங்கள். எஸ்.எம். என்பது ஒரு லிட்டருக்கு உப்பு 5.8 கிராம், மக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 2 கிராம், 50 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 7.5, கொஞ்சம் ஜெலட்டின். மக்னீசியத்தை மறந்தால் சில ஃபேஜ்கள் குளிர்பெட்டியிலேயே சிதைந்துவிடும். 5,000 ஜி.யில் 15 நிமிடம் சுழற்றி, மேல்நீரை முதலில் 0.45, பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். நேராக 0.22இல் விட்டால் இரண்டு மி.லி.யிலேயே அடைத்துக்கொள்ளும்.

வடிநீர் 10 மி.லி., இரட்டைச் செறிவு எல்.பி. (பாக்டீரியா வளர்ப்பு) குழம்பு 10 மி.லி., வேகமாக வளரும் நிலையில் உள்ள சால்மொனெல்லா 1 மி.லி., ஒரு மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. 37 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் சில சொட்டு குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் கழித்துச் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுங்கள். பாலிப்ரொப்பிலீன் குழாயையே பயன்படுத்துங்கள். கண்ணாடி போல் தெளிந்த பாலிஸ்டைரீன் குழாய் குளோரோஃபார்மில் கரைந்து மேசையில் ஓடும். அடியில் உள்ள குளோரோஃபார்மை வடிகட்டிக்குள் இழுத்தால் வடிகட்டிச் சவ்வும் கெடும்.

இரட்டை அகார் முறையில் கீழ்த்தட்டு 1.5 சதவீதம், மேலகார் 0.7 சதவீதம். நீர்த்த ஃபேஜ் 0.1 மி.லி., பாக்டீரியா 0.2 மி.லி. கலந்து பத்து நிமிடம் ஒட்ட விட்டு, 4 மி.லி. மேலகாரில் சேர்த்து ஊற்றுங்கள். மேலகார் 45 முதல் 48 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்கு மேலே பாக்டீரியா வேகும். 42க்குக் கீழே அகார் கட்டி கட்டியாக விழும், அந்தக் கட்டிகளைப் பார்த்து வட்டம் என்று எண்ணிவிடுவார்கள். தட்டு ஈரமாக இருந்தால் வட்டங்கள் ஒன்றோடொன்று ஓடிச் சேரும். ஊற்றும் முன் மூடியைச் சற்றுத் திறந்து அரை மணி காய விடுங்கள்.

ஒரு தனி வட்டத்தைக் குத்தி எடுத்து எஸ்.எம்.மில் விட்டு, மீண்டும் தட்டில் வைத்து, மூன்று முறை சுத்தப்படுத்துங்கள். வட்டத்தின் நடு தெளியாமல் மங்கலாக இருந்தால் ஒதுக்கிவையுங்கள். அது பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுவுக்குள் குடியேறும் வகையாக இருக்கலாம். அந்த வகை, ஒரு கிருமியின் நச்சு மரபணுவையும் மருந்து எதிர்ப்பு மரபணுவையும் இன்னொரு கிருமிக்குச் சுமந்து செல்லக் கூடியது. தெளிந்த வட்டம் மட்டும் சான்றாகாது. முழு மரபணுவையும் வரிசைப்படுத்தி, இன்டிக்ரேஸ் (குடியேற உதவும் நொதி), நச்சு, எதிர்ப்பு மரபணுக்கள் இல்லை என்று பார்த்த பிறகே கோழியிடம் போக வேண்டும்.

கொங்கணாபுரம் வாசகர்: செத்த கோழியின் எச்சத்தை ஊறவைத்து வடிகட்டி நாமே ஃபேஜ் தயாரிக்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

வேண்டவே வேண்டாம். துணியில் வடிகட்டிய எச்சத் தண்ணீரில் ஃபேஜோடு சால்மொனெல்லாவும் போகும், ராணிக்கெட் வைரஸும் போகும், காக்சிடியா முட்டையும் போகும். லேபில் 0.22 மைக்ரானில் வடிகட்டினாலும் ராணிக்கெட் போன்ற வைரஸ்கள் அதைத் தாண்டிவிடும். லேபில் ஒற்றை வட்டத்திலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்துவதே அதற்காகத்தான். உடைந்த பாக்டீரியாவின் தோலிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சும் அதில் மிதக்கும். அதை ஊசியாகப் போட்டால் கோழி அன்றே விழலாம்.

விலைக்கு வாங்கும் புட்டியிலும் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தப் பாக்டீரியா, எந்தெந்த வகை, 1 மி.லி.க்கு எத்தனை பி.எஃப்.யூ., பேட்ச் எண், காலாவதி நாள், சேமிப்பு வெப்பநிலை, கொல்லும் வகை ஃபேஜ் மட்டுமே என்ற உறுதி. ‘அனைத்துக் கிருமிகளையும் அழிக்கும் ஃபேஜ்’ என்று எழுதியிருந்தால் படித்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

கோவை வாசகர்: கறிக்கடை வைத்திருக்கிறேன். வெட்டிய கறி மேல் ஃபேஜ் தெளிக்கலாமா?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் லிஸ்டீரியாவுக்கு எதிரான ஃபேஜ் தெளிப்புக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அது சமைத்துப் பொட்டலமாக விற்கும் இறைச்சிக்கு, குளிர்சாதன ஆலையில். பிறகு பச்சைக் கோழிக்கறிக்கான சால்மொனெல்லா தெளிப்புகளும் வந்தன. அங்கும் அது கடைசி வேலிதான். பொதுவாகக் கிருமி பத்து முதல் நூறு மடங்கு குறையும். உயிர்க்கோழியை வெட்டி அரை மணியில் விற்கும் உங்கள் கடையில், ஒரே மரக்கட்டையில் குடலும் கறியும் படுகின்றன என்றால் தெளிப்பு எதையும் காப்பாற்றாது. குடல் எடுக்கத் தனி மேசை, கறி வெட்டத் தனிக் கட்டை, கத்தியைக் கழுவக் கொதிநீர். அதற்கே முதலில் செலவு செய்யுங்கள்.

மோகனூர் வாசகர்: ஃபேஜ் கொடுக்கும் நாள்களில் முட்டையை விற்கலாமா?

ஃபேஜ் மருந்து எச்சத்தை விட்டுச் செல்லாது. லேபிளில் விலக்கு நாள் (மருந்து கொடுத்தபின் விற்கக் கூடாத நாள்கள்) எதுவும் போடாத வரையில் விற்கலாம். ஆனால் ஃபேஜுக்கு முன் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் விலக்கு நாள் கணக்கு ஃபேஜ் கொடுத்ததால் நின்றுவிடாது. அது முடியும் வரை அந்தக் கொட்டகை முட்டையைத் தனி அட்டையில், தேதி எழுதி, ஒதுக்கியே வையுங்கள்.